ஆறு தேக்கு சேரும் ஒரு ஆசாரியும்: ஆர்டர்ல இருந்து ரிப்பேர் வரைக்கும் நடந்தது

பின்னணி

எங்க அக்கா வீடு பாளையங்கோட்டைல. 2022 ஆவணில பால்காய்ப்புன்னு முடிவாகி வேலை ஓடிட்டு இருந்துச்சு. டைனிங் டேபிள் மட்டும் ஒரு ஷோரூம்ல வாங்கிட்டாங்க, அதோட செட்டா வர்ற சேர் வேண்டாம்னு விட்டுட்டாங்க. காரணம் எங்க அம்மா. அம்மா 4 அடி 10 அங்குலம், முட்டி வலி வேற. அந்தக் கடைல இருந்த சேர் எல்லாமே சீட் 18 அங்குல உயரம், அம்மா உக்காந்தா பாதம் தரைல பாவாம தொங்குது, எந்திரிக்கும்போது டேபிள புடிச்சு இழுக்க வேண்டி இருந்துச்சு. சரி, ஆசாரிகிட்ட சொல்லி அளவு பாத்து செஞ்சுக்கலாம்னு அத்தான் சொன்னாரு.

அத்தானோட சொந்தக்காரங்க மூலமா தென்காசி பக்கம் ஒரு ஆசாரி கிடைச்சாரு. தனி ஆள். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தகர ஷெட்தான் பட்டறை, சம்பளத்துக்கு ஆள் கிடையாது, பாலிஷ் போடற அன்னைக்கு மட்டும் மச்சினன் வருவாரு. அவருக்கு முக்கால்வாசி வேலை நிலை, கதவு, ஜன்னல்தான். ஆனா அவர் வீட்டுத் திண்ணைல ஒரு பூவரசு சேர் கிடந்துச்சு, அவங்க அப்பா செஞ்சது, 40 வருஷம் இருக்கும்னாரு. நான் சாய்மானத்தப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாத்தேன், கொஞ்சம் கூட அசையல. அதப் பாத்துட்டுதான் இவரையே முடிவு பண்ணினோம்.

ரெண்டு பக்கமும் பேசினது நான்தான். அதனால கீழ வர்ற தப்புகள்ல எனக்கும் பங்கு இருக்கு, அத முதல்லயே சொல்லிடறேன்.

ஆர்டர் கொடுத்தது (2022 ஜூன்)

ஆசாரி எடுத்த எடுப்புல சொன்னது "ஐப்பசில தாரேன்". எங்களுக்கு ஆவணில வேணும். அத்தான் விடல, "ஆடில யாரும் நிலை வைக்க மாட்டாவ, உங்களுக்கு வேலை கம்மியாத்தான இருக்கும் அண்ணாச்சி, அந்த மாசம் முழுக்க இதப் பாத்துக்கலாம்லா"ன்னு கேட்டாரு. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சரின்னுட்டாரு. அன்னைக்கு அத நாங்க எங்க சாமர்த்தியம்னு நெனச்சோம். ஆடில அவருக்கு வேலை மட்டும் கம்மி இல்ல, கைல காசும் கம்மி, அதனாலதான் ஒத்துக்கிட்டாருன்னு புரிய ஒரு வருஷம் ஆச்சு.

சேர் ஒண்ணு 7,500, ஆறுக்கு 45,000. அட்வான்ஸ் 20,000, சேர் எடுக்கும்போது 15,000, மிச்சம் 10,000 ஒரு மாசம் கழிச்சு. எழுதி எல்லாம் வைக்கல. அளவு மட்டும் ஒரு காலண்டர் தாளுக்குப் பின்னாடி பென்சில்ல குறிச்சுக்கிட்டாரு.

அந்த அளவு எடுத்த விதத்த மட்டும் சொல்லியாகணும். வீட்டுக்கு வந்தவரு அம்மாவ ஒரு பெஞ்சுல உக்கார வெச்சு, காலுக்கு அடில பழைய நியூஸ்பேப்பர் கட்ட ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டே போனாரு, தொடை பலகைல அமுங்காம முட்டி சரியா மடங்கி பாதம் முழுசா பதியுற வரைக்கும். அப்புறம் ரெண்டு பேப்பர உருவிட்டு "இப்பம் எப்படிம்மா இருக்கு"ன்னு கேட்டாரு. கடைசில வந்தது 16 1/2 அங்குலம். அம்மா சேருக்கு மட்டும் அந்த உயரம், ஊன்றி எந்திரிக்க கைப்பிடி. மத்த அஞ்சும் 17 1/2, கைப்பிடி இல்ல. இந்த மாதிரி ஒரு ஷோரூம்லயும் நமக்கு யாரும் பண்ண மாட்டாங்க.

இதுலயும் ஒரு சறுக்கல். அம்மா சேரோட கைப்பிடி உயரத்த சரியா பாத்தோம், டேபிளுக்கு அடில ஓடுற சட்டத்தோட உயரத்த யாருமே பாக்கல. சேர் வந்ததும் உள்ள தள்ளினா கைப்பிடி போய் சட்டத்துல இடிக்குது. அரை அங்குல வித்தியாசம்தான்.

மரம் எடுத்தது

மரத்துக்கு செங்கோட்டை போனோம், அங்க சா மில்லுக்குப் பஞ்சமே இல்ல. ஒரு பக்கம் நாட்டுத் தேக்கு, இன்னொரு பக்கம் தூத்துக்குடி துறைமுகம் வழியா வர்ற வெளிநாட்டுத் தேக்குத் தடி. ரெண்டுக்கும் கன அடிக்கு 900 ரூபா கிட்ட வித்தியாசம் சொன்னாங்க. எங்களுக்குத் தேவை சேதாரம் சேத்து 6 கன அடி. அதாவது மிச்சம் ஆகுறது 5,400. அத்தான் வெளிநாட்டுத் தேக்கையே எடுக்கச் சொல்லிட்டாரு.

எல்லா வெளிநாட்டுத் தேக்கும் மோசம்னு சொல்ல வரல. ஆனா அந்தக் குவியல்ல இருந்தது தோட்டத்துல வளத்து சின்ன வயசுலயே வெட்டின, சுத்தளவு கம்மியான தடி, அதுல நடுவுல வைரம் (முத்தி இறுகின நடு மரம்) கொஞ்சமாவும் சுத்தி வெள்ளைப் பகுதி நிறையவும் இருந்துச்சு. தேக்கு உளுக்காது, வண்டு தொடாதுன்னு நாம சொல்றது எல்லாம் வைரத்துக்குத்தான். வெள்ளைல மாவுச்சத்து இருக்கும், தேக்கா இருந்தாலும் வண்டுக்கு அது சாப்பாடுதான். ஆசாரி அத அங்கயே காட்டினாரு, "இந்த ஓரம் எல்லாம் வெள்ளை, தள்ளிட்டா மரம் பத்தாது"ன்னு. முடிஞ்ச வரைக்கும் பாத்துக்கோங்கன்னு சொன்னது நான்.

தடி வெளில மழைல கிடந்தது. அறுத்த பலகைய கையால தடவிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு, "பச்சையாத்தான் இருக்கு, நிழல்ல அடுக்கி ஆற விடணும்"ன்னாரு. ஆற விட்டாரு, இடையில ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) வெச்சு காத்துப் போற மாதிரி ஒழுங்காத்தான் அடுக்கினாரு. ஆனா அது ஜூன், ஜூலை. குத்தாலத்துல சீசன். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற சாரல்ல தென்காசில துவைச்ச துணியே ரெண்டு நாள் காயாது, பலகை எங்க காயும்.

நடுவுல நடந்தது

எங்களுக்கு அப்போ தெரியாத கணக்கு இது. 20,000 அட்வான்ஸ்ல மரத்துக்கு 15,600, அறுப்புக் கூலி, வண்டி எல்லாம் சேத்து 2,000. மிச்சம் 2,400 ரூபாதான் அவர் கைல. ரெண்டரை மாசத்துக்கு ஒரு குடும்பம் அத வெச்சு என்ன பண்ணும்? அதனால அவர் அன்னன்னைக்கு காசு வர்ற வேலையா எடுத்துக்கிட்டாரு, கதவு சீவுறது, பெஞ்சு ரிப்பேர், இப்படி. எங்க சேர் வேலை கடைசி மூணு வாரத்துக்குத் தள்ளிப் போயிடுச்சு.

ஜூலை கடைசில நான் போய்ப் பாத்தப்ப ஒரே ஒரு பின்னங்கால் மட்டும் ரெடி. பின்னங்கால்தான் சேர்ல கஷ்டமான பாகம், கீழயும் மேலயும் பின்னாடி வளையணும், அதுக்கு ப்ளைவுட்ல ஒரு அச்சு வெட்டி வெச்சுருந்தாரு, ஒரு பலகைல ஒரு காலோட வளைவுக்குள்ள அடுத்த கால் படுக்கற மாதிரி வரைஞ்சிருந்தாரு, மரம் வீணாகாம இருக்க. ஆணியே கிடையாது, கால்ல துளை, சட்டத்தோட முனைல அதுக்குள்ள போற மாதிரி செதுக்கின நாக்கு, ஃபெவிகால் போட்டு இறுக்கறதுதான். வேலைல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நான் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிட்டு, தேதிய இன்னொரு தடவை ஞாபகப்படுத்திட்டு வந்துட்டேன். மரம் காஞ்சிருச்சான்னு கேக்கத் தோணல.

சேர் வந்தது, காட்டினது

பால்காய்ப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி குட்டி யானைல ஆறும் வந்து இறங்குச்சு, பாலிஷ் வாசனை கூட போகல. வந்தவங்க எல்லாம் உக்காந்து பாத்து எங்க செஞ்சதுன்னு கேட்டாங்க. 15,000 கொடுத்தாச்சு.

செப்டம்பர் மூணாவது வாரம் ஒரு சேர் கிரீச்சுன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. பாத்தா பின்னங்காலும் சீட் சட்டமும் சேர்ற இடத்துல ஒரு போஸ்ட் கார்டு நுழையற அளவு இடைவெளி. அப்புறம் இன்னொண்ணு. அத்தானுக்கு கோவம், பாக்கி 10,000 குடுக்க வேண்டாம்னுட்டாரு. ஆசாரிக்கு போன் பண்ணி விஷயத்த சொல்லுங்கன்னு நான் சொன்னேன், "காசு கேட்டு அவரே போன் பண்ணுவாரு, அப்ப பேசிக்கலாம்"ன்னாரு. அவர் பண்ணவே இல்ல.

ஐப்பசி பொறந்து மழை புடிச்சதும் ஆட்டம் தானா நின்னுடுச்சு. போஸ்ட் கார்டு நுழையல. சேர் செட் ஆயிடுச்சுன்னு அக்கா சந்தோஷப்பட்டா. எனக்கு இப்ப யோசிச்சா அதுதான் பெரிய துப்பு, மழை ஈரத்துல மரம் ஊதி இடைவெளிய மூடியிருக்கு, பசை ஏற்கனவே விட்டுப் போனதுதான். அப்ப யாருக்கும் உறைக்கல.

மார்கழில வேற ஒண்ணு. அக்கா காலைல கூட்டும்போது ஒரு சேர் காலுக்குக் கீழ வெள்ளையா சின்னதா ஒரு குவியல், வாசல்ல போட்ட கோலமாவ புள்ளைங்க மிதிச்சுட்டு வந்துருக்குன்னு நெனச்சு கூட்டித் தள்ளியிருக்கா. மறுநாளும் அதே எடத்துல. விரல்ல எடுத்து தேச்சா கோலமாவு மாதிரி நறநறங்கல, பவுடர் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. சேர கவுத்துப் பாத்தா காலோட உள் ஓரத்துல குண்டூசித் தலை அளவுக்கு நாலு ஓட்டை. வண்டு. பாலிஷ் கலருக்கு அடில வெள்ளைப் பகுதி ஒளிஞ்சிருந்துருக்கு. இன்னொரு சேர்லயும் ரெண்டு ஓட்டை.

பங்குனி வெயில்ல பழைய ஆட்டம் திரும்பி வந்துச்சு, முன்னைய விட மோசமா, ஆறுல நாலு ஆடுது. அத்தான் பக்கத்துல ஒருத்தர கூட்டி வந்து ஒரு சேருக்கு மட்டும் இரும்பு எல் ஆங்கிள் வெச்சு ஸ்க்ரூ போட்டாரு. சித்திரை முடியறதுக்குள்ள ஸ்க்ரூ போன வரிசைலயே கால் நீளத்துக்கு வெடிச்சிருச்சு.

ஏன் இப்படி ஆச்சு

ஆன்லைன்ல ஈரப்பதம் பாக்கற மீட்டர் ஒண்ணு வாங்கினேன், ரெண்டு ஊசிய மரத்துல குத்தினா நம்பர் காட்டும். மரத்துக்கு மரம் கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும், ஆனா ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுப் பாக்க போதும். அக்கா வீட்டு சேர்ல 9 சதவீதம். அடுத்து தென்காசி போனப்ப பட்டறைல அதே மாதிரி அடுக்கி வெச்ச பலகைல குத்தினேன், 17.

மரம் நீளவாக்குல சுருங்கறது இல்லன்னே சொல்லலாம், அகலவாக்குலதான் சுருங்கும். சேர்ல என்ன ஆகுதுன்னா, கால்ல இருக்கற துளை காலோட நீளவாக்குல ஓடுது, அது அப்படியே இருக்கும். அதுக்குள்ள போற நாக்கோ சட்டத்தோட அகலம், அது சுருங்கும். தேக்கு மத்த மரத்த விட சுருக்கம் கம்மியான மரம்தான், இருந்தாலும் 3 அங்குலச் சட்டம் 17ல இருந்து 9க்கு இறங்கினா ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் போயிடும். ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்துல ஒரு ஆள் தினம் மூணு வேளை உக்காந்து எந்திரிச்சா பசை எத்தன நாளைக்குத் தாங்கும். ஆங்கிள் போட்ட சேர் வெடிச்சதும் இதே கதைதான், சுருங்கப் போற மரத்த ஸ்க்ரூ போட்டு சுருங்க விடாம புடிச்சா அது வெடிக்காம என்ன செய்யும்.

தென்காசிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல 55 கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். ஆனா ஆடி ஆவணில அங்க சாரல், இங்க வறண்ட காத்து. மரத்துக்கு அது ரெண்டு வேற வேற தேசம்.

எடுத்த முடிவு (2023 ஜூன்)

மூணு யோசனை ஓடுச்சு. 10,000 மிச்சம்னு நெனச்சு எல்லாத்தையும் வித்துட்டு கடைல வாங்கறது. உள்ளூர்லயே வேற ஆள வெச்சு ஆங்கிள் அடிச்சு ஓட்டறது. இல்ல செஞ்சவர்கிட்டயே போறது. ரெண்டாவது என்ன ஆகும்னு பாத்தாச்சு. மூணாவதுதான் சரின்னு எனக்குப் பட்டது, ஏன்னா அந்தத் துளையும் நாக்கும் எப்படி இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும், அதோட மரத்துல வெள்ளை இருக்குன்னு அவர் சொன்னத கேக்காம விட்டது நாங்க. அத்தான் சம்மதிக்க ரெண்டு மாசம் ஆச்சு.

வண்டு விழுந்த ரெண்டு சேரையும் ஏத்திக்கிட்டு நானே போனேன். மீட்டர் நம்பர காட்டினேன். அவர் அத ஒரு தடவை பாத்துட்டு, "என் கைக்குத் தெரிஞ்சதுதான் தம்பி இது. ஐப்பசின்னு நான் சும்மாவா சொன்னேன்"ன்னாரு. ஏன் பாக்கி கேக்கலன்னு கேட்டேன். "நீங்களும் தரல, போனும் பண்ணல, சேரு புடிக்கலன்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேக்க." நாங்க அவர் நழுவுறாருன்னு நெனச்சுட்டு இருந்த பத்து மாசமும் அவர் இப்படித்தான் நெனச்சுட்டு இருந்துருக்காரு.

அத்தானுக்கு அங்க இருந்தே போன் போட்டு பேசி, 10,000 அன்னைக்கே கொடுத்தேன். இது சரியான்னு வீட்ல வாக்குவாதம் வந்துச்சு. என் நியாயம் இதுதான், காசு பாக்கி நிக்கற வரைக்கும் ரிப்பேர் பேச்சு எதுவும் நேரா வராது, அவரும் வாய் திறக்க மாட்டாரு. செலவு பிரிச்சது இப்படி: மாத்துற காலுக்கு மரம் அவர் பொறுப்பு, வண்டி வாடகை எங்க பொறுப்பு, கூலி பாதிப் பாதி, எங்க பங்கு 4,500. வெடிச்ச சேர் கணக்குல சேரல, அது அவர் வேலைல வந்தது இல்லன்னுட்டாரு, நானும் மறுக்கல.

உடனே எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லல அவரு. "சாரல்ல பிரிச்சு சேத்தா மறுபடி இதே கதைதான், மாசி பங்குனில கொண்டாங்க"ன்னு நாள் குறிச்சாரு. இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தல.

ரிப்பேர் (2024 மாசி, பங்குனி)

ஆடற சேர் எல்லாத்தையும் முழுசா பிரிச்சாரு, விடாம ஒட்டியிருந்த ஜாயிண்ட்டுக்கு வெந்நித் துணி சுத்தி கொஞ்ச நேரம் வெச்சு தட்டிக் கழட்டினாரு. பழைய பசைய உளியால சுரண்டி எடுத்துட்டு, நாக்கோட ஓரத்துல மெல்லிசா தேக்குச் சீவல ஒட்டி தடிப்பாக்கி, துளைக்கு இறுக்கமா வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இழைச்சாரு. பசை மேல மட்டும் நம்பிக்கை வைக்கல இந்தத் தடவை, மூங்கில் ஆணி போட்டாரு. அதுல ஒரு நுணுக்கம் பாத்தேன், கால்ல போட்ட ஓட்டையும் நாக்குல போட்ட ஓட்டையும் நேருக்கு நேர் இல்ல, நாக்குல இருக்கறது, நாக்கு ஆரம்பிக்கற சட்டத்துப் பக்கமா ஒரு நூல் (அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) தள்ளி இருக்கு. ஆணிய அடிக்க அடிக்க அது நாக்க உள்ள இழுத்துக்கிட்டே போகுது, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) சத்தம் மாறுறதுலயே இறுகிடுச்சுன்னு தெரியுது.

வண்டு விழுந்த ரெண்டு பின்னங்காலும் மாத்தியாச்சு, நாட்டுத் தேக்கு வைரம். மத்த எடத்துல ஓரமா தெரிஞ்ச வெள்ளைக்கு பாலிஷ சுரண்டி எடுத்துட்டு போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைச்ச தண்ணி ரெண்டு தடவை அடிச்சாரு. பாலிஷ் மேலயே அடிச்சா உள்ள இறங்காது. அப்புறம் சீட்டுக்கு அடி, காலோட அடிப்பாகம்னு முதல் தடவை விட்டுப் போன எல்லா எடத்துக்கும் பாலிஷ். அந்த வண்டு மூடாத மரத்துலதான் முட்டை வைக்கும், நாம கண்ணுக்குத் தெரியற பக்கம் மட்டும் பளபளன்னு ஆக்கிட்டு அடிய அதுக்குன்னே விட்டு வெக்கறோம். அம்மா சேர் கைப்பிடியையும் முன்பக்கம் வெட்டிக் குறைச்சு டேபிளுக்குள்ள போற மாதிரி பண்ணினாரு, அதுக்குக் காசு வாங்கல.

பிறகு

அதுக்கப்புறம் ஒரு முழு வருஷம், வெயிலும் மழையும் பாத்தாச்சு. அஞ்சு சேர்ல நாலு அசையாம நிக்குது. ஒண்ணு சித்திரைல மட்டும் லேசா முனகுது. பொடி எங்கயும் விழல, ஆனா அக்கா இன்னும் கூட்டும்போது குனிஞ்சு பாத்துட்டுதான் தள்ளுறா.

2025 தைல எனக்கு ரெண்டு சேர் அவர்கிட்டயே சொன்னேன். மரத்துக்கு நானே சா மில்லுல தனியா காசு கட்டினேன், வைரம் மட்டும், கன அடிக்கு எவ்வளவு ஆனாலும் சரின்னு. அவர் கைக்கு வர்ற கூலி தனி, மூணு தவணை, அதனால நடுவுல வேற வேலைக்கு ஓட வேண்டிய அவசியம் அவருக்கு வரல. பலகைய அளவுக்குக் கொஞ்சம் பெருசா அறுத்து, பங்குனி சித்திரை முழுக்க அக்கா வீட்டு மாடி ரூம்லயே அடுக்கி வெச்சோம், மீட்டர் 10க்கு வந்த பிறகு எடுத்துட்டுப் போய் வைகாசில சாரல் தொடங்கறதுக்கு முன்னாடி பூட்டி முடிச்சுட்டாரு. முதல்ல ஒரு சேர் மட்டும் பாலிஷ் இல்லாம செஞ்சு குடுத்தாரு, ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு சாய்மானம் கொஞ்சம் சாயணும்னேன், ரெண்டாவதுல மாத்தினாரு, முதலாவதையும் திருத்தினாரு. யார் எதுக்குப் பொறுப்புன்னு அரைப் பக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்கு அது கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு, எனக்கும்தான். மாத்தணும்னு நெனச்சும் விட்டுப் போனது ஒண்ணு உண்டு, மரத்த வாங்கின அன்னைக்கே மீட்டர் எடுத்துட்டுப் போகல, எவ்வளவு ஈரத்துல இருந்து இறங்கிச்சுன்னு கணக்கு இல்ல.

ஆங்கிள் அடிச்ச அந்த ஆறாவது சேர் வெடிப்போட திண்ணைல கிடக்கு. அத யார் கணக்குல எழுதறதுன்னு அக்காவும் அத்தானும் இன்னும் ஒரு முடிவுக்கு வரல.